உதட்டுச் சுருக்கம் பற்றி நான் எழுதிய ஒரு வரி

“ஊசி போட்ட இடத்தில் எதிர்பாராத வீக்கம், கட்டி, புண் ஆகியவற்றுள் எது கண்டாலும், மருந்தின் பெயர், தொகுதி எண், ஊசி போட்டவரின் பெயர் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, ஏழு நாள்களுக்குள் மூன்று நகல்களில் அறிக்கை அனுப்ப வேண்டும்.”

எங்கள் தோட்ட மருத்துவமனையின் விதிப் புத்தகத்தில் இருந்த வாசகம் இது. இன்றைக்கும் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். இதை எழுதியவர் நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும். ஊசி என்றால் மருத்துவமனையில்தான் போடுவார்கள், மருந்து என்றால் அதன்மேல் சீட்டு ஒட்டியிருக்கும் என்று நம்பியிருக்கிறார். 1987இல் என்னிடம் வந்த நோயாளியின் உதட்டுக்குள் இருந்த சாமானுக்குப் பெயர் இல்லை, எண்ணும் இல்லை. போட்டவருக்கு மட்டும் இரண்டு பெயர் இருந்தது.

போன மாதம் கோலா சிலாங்கூரில் பழைய சகாக்களின் விருந்து ஒன்று. இப்போது பணியில் இருக்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பதவிக்கு இன்று நீளமான, கௌரவமான பெயர். மருத்துவ உதவியாளர்களான எங்களைச் சனங்கள் கடைசி நாள் வரைக்கும் ‘டிரெசர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். உதட்டைச் சுற்றியுள்ள கோடுகளை அரைமணி நேரத்தில் ஊசியால் அழிப்பார்களாம். “ஒங்க காலத்துல இதெல்லாம் ஏது சார்!” என்றார். இருந்தது என்றேன். எங்கே என்றார். ஈஜோக் தோட்டத்தில் என்றேன். சிரித்தார். அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடப் பயிற்சி, இரண்டு வருடம் அரசாங்க மருத்துவமனையில் வார்டு வேலை, எண்பதில் தோட்டத்துக்கு மாற்றம். இதற்குமேல் என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தோட்ட மருத்துவமனையில் பன்னிரண்டு கட்டில்கள், ஒரு மருத்துவச்சி, ஓர் ஆயா, நான். வருகை மருத்துவர் செவ்வாயும் வெள்ளியும் வருவார். மற்ற ஐந்து நாளும் சீனிவியாதி முதல் பாம்புக்கடி வரை என் பொறுப்பு. என் கையெழுத்து அச்சடித்தது போல் இருக்கும். மாதாந்தரப் பதிவேடுகளைப் பார்க்க வரும் அதிகாரிகள் அடுத்த தோட்டத்துக்குக் காட்ட என் புத்தகத்தைக் கடன் வாங்கிப் போவார்கள். இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெருமைதான், ஆனால் உண்மை.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு வேலை உண்டு. இன்றைய பிள்ளைகள் கேட்டால் நம்பமாட்டார்கள். ஆளைப் பார்த்து வயது சொல்வது.

தோட்டத்தில் ஐம்பத்தைந்து வயதானால் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டிலிருந்து பேர் வெட்டிவிடுவார்கள். பேர் போனால் கம்பெனி கொடுத்த லயத்து வீடும் போகும். வயதுக்கு ஆதாரம் அடையாள அட்டை. ஆனால் அந்த அட்டைகள் நாற்பத்தெட்டில், மலாயாவின் அவசரகாலத்தில், அவசரமாகவே எழுதப்பட்டவை. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அட்டை கிடையாது. அட்டை இல்லாத பிள்ளையை வேலைக்குச் சேர்க்க வேலை வாங்கும் மண்டோர் யோசித்தார். அதனால் பத்து வயசுப் பிள்ளையைப் பதினாறு என்று சொல்லி நிறுத்திய பெற்றோர் நிறையப் பேர். பதினாறு என்றால் பெரிய ஆள் கூலி. எழுதியவரும் பிள்ளையின் உயரத்தைப் பார்த்தார், தலையாட்டினார், பிறந்த தேதிக்கு ஜனவரி ஒன்று என்று போட்டார். எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் புத்தாண்டு அன்று பிறந்தவர்கள்.

நாற்பது வருடம் கழித்து அந்த ஆறு வயதை யாராவது திருப்பிக் கேட்டால், கம்பெனிக்கு ஒரு படிவம் இருந்தது. தலைப்பு ‘தோற்ற வயது’. பதினொரு கட்டங்கள். முடி, கண், பல், தோல், மூட்டு என்று போகும். வருகை மருத்துவரோ அவர் இல்லாதபோது நானோ நிரப்ப வேண்டும்.

பாக்கியம் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளி. கணவர் இறந்து வெகுநாள். ஒரே மகள் செல்வி, ரவாங்கில் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை. அட்டைப்படி 1987 ஜனவரி ஒன்றாம் தேதி பாக்கியத்துக்கு ஐம்பத்தைந்து. அவர் கணக்கில் நாற்பத்தெட்டோ நாற்பத்தொன்பதோ. டிசம்பரில் மனுக் கொடுத்தார். மருத்துவர் விடுப்பில் இருந்தார். படிவம் என்னிடம் வந்தது.

நான் அதை ரசித்து நிரப்பினேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. மேல்வரிசை முன்பற்கள் நான்கு இல்லை என்று எழுதினேன். தோல் என்ற கட்டத்தில், “வாயைச் சுற்றி, குறிப்பாக மேலுதட்டில், செங்குத்தான ஆழ்ந்த சுருக்கங்கள்” என்று எழுதினேன். நல்ல அவதானிப்பு. விடியலில் மரத்தடியில் கொசுவை விரட்ட இலைச் சுருட்டை விடாமல் இழுத்த வாய் அது. பல் போன இடத்தில் உதடு உள்ளே விழுந்திருந்தது. நாற்பதிலேயே அந்தக் கோடுகள் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ‘தோற்ற வயது: ஐம்பத்தைந்தும் அதற்கு மேலும்’ என்று முடித்தேன். ஒன்பதாவது கட்டத்தின் தலைப்பு ‘பெண்களுக்கு மட்டும்’. அதில் எல்லா டிரெசர்களும் போடுவதுபோல் ஒரு கோடு போட்டேன்.

அந்த வரியை ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், எல்லாருக்கும் முன்னால் வாசித்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. “ஏம்மா பாக்கியம், டிரெசர் என்ன எழுதியிருக்காரு பாத்தியா? ஒன் வாயே ஒன் வயச சொல்லுதாம்.” சிரித்திருக்கிறார்கள். மார்ச் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதமும் கொடுத்துவிட்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை. தலைத்துணியால் வாயை மூக்கு வரை மூடிக் கட்டிக்கொண்டு பாக்கியம் வந்தார். கூடவே செல்வி.

“என்னக்கா, பல்வலியா?” என்றேன்.

செல்விதான் பேசினாள். “நீங்கதான ஐயா எழுதுனீங்க, வாயில கோடு இருக்குன்னு? எடுத்துட்டோம்.”

“எடுத்துட்டீங்களா? யாரு எடுத்தா?”

“கோலா சிலாங்கூர்ல ஒரு மேடம் வருவாங்க. எங்க ஃபேக்டரில நாலு பேரு மூக்குக்குப் போட்டிருக்காளுங்க லா. ஒண்ணும் ஆவல. எங்கம்மாவுக்கு மட்டும் இப்படி.”

துணியை அவிழ்த்தேன். மேலுதடு மூன்று மடங்கு தடித்து, மூக்கை நோக்கித் திரும்பியிருந்தது. தோலுக்கடியில் கொண்டைக்கடலை அளவில் மூன்று கட்டிகள். இடது பக்கத்தது சிவந்து, வாய் திறந்து, நீர் கசிந்தது. வாயை மூட முடியாததால் எச்சில் மோவாயில் வழிந்தது. காய்ச்சல் நூற்றொன்று.

பாக்கியம் என் கையைப் பிடித்தார். உதடு ஒத்துழைக்காத குரலில் சொன்னார்: “கோடு போச்சுல்ல ஐயா? இப்ப திருப்பி எழுதுங்க.”

கோடு போயிருந்தது, அதில் சந்தேகமில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் கை சும்மா இருக்காது. கட்டியைப் பார்த்தால் பிதுக்கத் தோன்றும், கீறிவிடத் தோன்றும். மேலுதட்டில் அதைச் செய்யவே கூடாது. அங்கிருந்து ரத்தக் குழாய்கள் மூக்கோரமாகக் கண்ணுக்குப் பின்னால் போய் மூளைப் பக்கம் சேர்கின்றன. கிருமி அந்த வழியில் ஏறினால் கதை முடிந்தது. அவரைக் கட்டிலில் சேர்த்தேன். கண் இமை வீங்கியிருக்கிறதா, கழுத்து விறைக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கசிந்த நீரைப் பஞ்சுக்குச்சியில் எடுத்துக் குப்பியில் அடைத்தேன். கொதித்து ஆறிய உப்புநீரில் துணியை நனைத்து, அழுத்தாமல், மேலே வைத்தேன். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கிருமிக்கொல்லி ஊசி. கஞ்சியைக் கரண்டியில் கீழுதட்டோரமாக ஊற்ற ஆயாவுக்குக் காட்டிக் கொடுத்தேன். பிறகு ஆபீசுக்குப் போய் மருத்துவருக்குத் தொலைபேசி போட்டேன்.

டாக்டர் மங்களேஸ்வரி யாழ்ப்பாணக் குடும்பம், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். அதற்கு முந்தின வாரம்தான் நீண்ட விடுப்பிலிருந்து திரும்பியிருந்தார். மருத்துவமனையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உள்ளே வந்ததும் கையை முழங்கை வரை கழுவுவார். ஒரு கேள்வி கேட்பார், பதில் முழுதாக வரும் வரை காத்திருப்பார். குரலை உயர்த்தியதே கிடையாது. கோபம் வந்தால் “மிஸ்டர் தங்கராஜா” என்பார். கோபமில்லாத நாளில் வெறும் “தங்கராஜா”.

அன்று மாலையே வந்து உதட்டைக் கால்மணி நேரம் பார்த்தார். விரலை உள்ளே விட்டு ஒவ்வொரு கட்டியும் எவ்வளவு ஆழம் என்று தடவினார். பிறகு என் டிசம்பர் படிவத்தைக் கேட்டார். முழுக்கப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

“ஒன்பதாவது கட்டத்தில் ஏன் கோடு, மிஸ்டர் தங்கராஜா?”

“வழக்கம், டாக்டர்.”

“யாருடைய வழக்கம்?”

டாக்டர் மருத்துவச்சியை உள்ளே கூப்பிட்டு, என்னைத் திரைக்கு வெளியே அனுப்பினார். துணித் திரைதானே, எல்லாம் கேட்டது.

“அம்மா, உங்களுக்கு மாதாமாதம் வாறது நிண்டுட்டுதோ?”

பாக்கியத்தின் குரல்: “இல்லம்மா. வருது. போன வாரங்கூட...”

“ஒழுங்காவோ?”

“ஒழுங்காத்தான் வருது.”

“இதை ஏன் டிரெசரிட்டச் சொல்லேல்லை?”

“ஆம்பளகிட்ட எப்பிடிம்மா சொல்றது? அவரும் கேக்கல.”

வெளியே நின்ற எனக்கு அந்த இரண்டு சொல் போதுமானதாக இருந்தது. அவரும் கேக்கல. பதினொரு கட்டங்களில் அந்தப் பெண்ணுக்கு உதவக்கூடிய ஒரே கட்டத்தில் நான் கோடு போட்டிருந்தேன். கெடுக்கக்கூடிய கட்டத்தில் அழகான கையெழுத்தில் அந்த ஒரு வரியை எழுதியிருந்தேன். அதை அழிக்க அவர் தன் உதட்டை யாரிடமோ நீட்டியிருக்கிறார்.

டாக்டர் வெளியே வந்தார். “இது மட்டுமே நிரூபணம் ஆகாது. ஐம்பத்தைந்திலும் சிலருக்கு நிற்காது. ஆனால் கண், மூட்டு, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இந்த அம்மாவுக்கு ஐம்பது ஆகவில்லை. நான் எழுதித் தருகிறேன். ஊசி அறிக்கையை நீங்கள் எழுதுங்கள். ஏழு நாள் இருக்கிறது, மிஸ்டர் தங்கராஜா.”

திங்கட்கிழமை பஸ் ஏறிக் கோலா சிலாங்கூர் போனேன். செல்வி சொன்ன அடையாளம் சரியாக இருந்தது. துணிக்கடைக்கு மேல்மாடி. படிக்கட்டின் கீழே ஒரு பெயர்ப் பலகை, மேலே கதவில் வேறொரு பெயர். வெள்ளைக் கோட்டு போட்ட அம்மாள் என்னை வாடிக்கையாளர் என்று நினைத்து நெற்றியைத் தடவிப் பார்த்து, “உங்களுக்கும் தேவைதான்” என்று மலாயில் சொன்னார். நான் யார் என்று சொன்னேன். மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் வேண்டும் என்றேன்.

“இது மருந்தே இல்லை. அழகுச் சாமான்,” என்றார்.

“ஊசியில்தானே போடுகிறீர்கள்?”

“ஊசியில் போட்டால் மருந்தாகிவிடுமா?”

மேசையில் சீட்டில்லாத ஒரு புட்டி. உள்ளே நிறமற்ற, கெட்டியான திரவம். சாய்த்தால் தேன் போல மெதுவாக நகர்ந்தது. சிலிக்கோன் என்றார். எங்கிருந்து என்றேன். வெளிநாடு என்றார். எந்த நாடு என்றேன். கீழே அனுப்பிவிட்டார். ஊசியையும் அதே மேசையில், ஒரு கண்ணாடிக் குவளையில் நிறுத்தி வைத்திருந்தார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் பார்த்ததையெல்லாம் குறிப்பெடுத்தேன்: புட்டியின் உயரம், திரவத்தின் நிறம், குவளையில் ஊசிகள் ஐந்து, கை கழுவத் தொட்டி இல்லை.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது பெரிய கிராணி வந்தார். கெட்டவர் இல்லை. என்மேல் மரியாதை உள்ளவர். மதியக் காப்பிக்கு என் அறைக்குத்தான் வருவார்.

“டிரெசர், இத எழுதாதீங்க. நல்லதுக்குச் சொல்றேன்.”

“ஏழு நாளுக்குள்ள எழுதணும் கிராணி.”

“எழுதுனா என்னா ஆகும்? வயசு கேஸ் நடக்கறப்ப மொகத்த மாத்திக்கிட்டா, கம்பெனிய ஏமாத்தப் பாத்தான்னு பெரிய ஆபீஸ்ல சொல்லுவான். டாக்டரம்மா சர்ட்டிபிகேட்டும் சேந்து போயிரும். ஏதோ ஒதட்டுல புண்ணு, ஆறிப்போச்சுன்னு விடுங்க லா.”

அவர் சொன்னது சரி. அதுதான் சிக்கல். எழுதாமல் விட்டால் அந்த மேல்மாடியில் அடுத்த சனிக்கிழமை இன்னொருத்தி உட்காருவாள். எழுதினால் பாக்கியம் ஏமாற்றுக்காரி ஆவார், வீடு போகும். விதிப் புத்தகத்தை எத்தனை தடவை புரட்டினாலும் இதற்கு வழி இல்லை. அதை எழுதியவருக்கு இப்படி ஒரு நிலைமை தோன்றியிருக்காது.

இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் புரிந்தது: பாக்கியம் ஏன் அதைச் செய்தார் என்பதைச் சொன்னால் ஏமாற்று வேலை என்ற பேச்சுக்கு இடமில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் என்னைச் சொல்ல வேண்டும்.

அறிக்கையின் முதல் பத்தியை இப்படி எழுதினேன்:

“டிசம்பர் மாதப் படிவத்தில் நான், உதட்டுச் சுருக்கத்தை வயதுக்கு ஆதாரமாக எழுதினேன். அது ஆதாரம் ஆகாது என்று எனக்குத் தெரியும். கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. நான் எழுதிய வரி பலர் முன்னிலையில் வாசிக்கப்பட்டது. மேற்படி தொழிலாளி தம் வயதை மறைக்க ஊசி போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய சரியான வயதுக்கு எதிராக நான் எழுதியதை நீக்கப் போட்டுக்கொண்டார்.”

இரண்டாம் பத்தியில் கட்டிகளின் அளவு, சிகிச்சை. மூன்றாவதில் மேல்மாடி. மருந்தின் பெயர் என்ற இடத்தில் ‘சிலிக்கோன் என்று சொல்லப்பட்டது’, தொகுதி எண் என்ற இடத்தில் ‘இல்லை’, போட்டவர் பெயர் என்ற இடத்தில் இரண்டு பெயர்களும்.

கிராணி படித்துவிட்டு, “நானும் பெரட்டுல வாசிச்சேன்னு இருக்கே இதுல,” என்றார்.

“ஒங்க பேரு இல்லையே.”

“வேற யாரு வாசிப்பா?” என்று முணுமுணுத்தார். ஆனால் தட்டச்சு செய்தது அவர்தான். மூன்று நகல், ஒரு பிழை இல்லை.

டாக்டர் தம் சான்றிதழோடு சேர்த்துக் கையெழுத்துப் போடும்போது முதல் பத்தியில் பேனாவை நிறுத்தினார். “இது உங்கள் பணிப் பதிவில் இருக்கும். வேண்டுமென்றால் நான் வேறு மாதிரி எழுதித் தரலாம்.” வேண்டாம் என்றேன். “சரி, தங்கராஜா,” என்றார். ‘மிஸ்டர்’ இல்லை. எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ்களில் அதை முதலில் வைப்பேன்.

ஒரு நகல் மேனேஜர் வழியாகக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு. இன்னொன்று மாவட்டச் சுகாதார அதிகாரிக்கு. மூன்றாவது எங்கள் கோப்பில். அதிகாரி மேல்மாடிக்குப் போனபோது அறை காலி, இரண்டு பலகைகளையும் காணோம். வேறு ஊரில் மூன்றாவது பெயரில் திறந்திருப்பார். ஆனால் கோலா சிலாங்கூரில் இல்லை.

உதட்டின் கதை மெதுவாக நடந்தது. பத்து நாளில் காய்ச்சலும் சீழும் நின்றன. ஆனால் சிலிக்கோன் கரையாது. சதையோடு சதையாகப் பின்னிக்கொள்ளும், வடித்து எடுக்க முடியாது. கிள்ளானில் ஒரு அறுவை மருத்துவர் பெரிய கட்டியை உதட்டின் உட்பக்கமாகக் கீறி எடுத்தார். வெளியே தழும்பு தெரியவில்லை. மற்ற இரண்டுக்கும் டாக்டர் மங்களேஸ்வரி மாதம் ஒரு தடவை, இன்சுலின் போடும் மெல்லிய ஊசியால், கட்டிக்கு நடுவில் வீக்கம் குறைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்துவார். விளக்குப் பிடிப்பது என் வேலை. நான்காவது மாதம் கடலை அளவு மிளகு அளவானது. வாய் மூடியது. சோறு சாப்பிட்டார். மேலுதட்டில் இடது பக்கம் மட்டும் கோடு இல்லாமல் வழவழப்பாக இருந்தது. வலது பக்கம் கோடுகள் திரும்பி வந்துவிட்டன.

அந்த வருடம் முதல் ஒன்பதாவது கட்டத்தை மருத்துவச்சியே கேட்டு நிரப்புவது என்று எங்கள் மருத்துவமனையில் ஏற்பாடு செய்தேன். நான் ஓய்வு பெறும் வரை அங்கே ஒரு கோடு விழவில்லை. அந்தக் கட்டத்தால் பேர் நிலைத்த பெண்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

தலைமை அலுவலகம் மட்டும் வாய் திறக்கவில்லை. பதில் வரும் வரை வீட்டில் இருக்கலாம், ஆனால் பேர் கிடையாது என்றார் மேனேஜர். பாக்கியம் குத்தகைக்காரரிடம் புல் வெட்டப் போனார். மார்ச், ஏப்ரல், மே. மாதம் ஒரு நினைவூட்டுக் கடிதம் போட்டேன். ஒவ்வொன்றிலும் முந்தைய கடிதங்களின் தேதிகளை வரிசையாக எழுதினேன். வரிசை நீள நீளப் படிக்கிறவருக்குச் சங்கடமாக இருக்கும். இந்த முறையை இன்றைய பிள்ளைகளுக்கும் சிபாரிசு செய்வேன்.

ஒரு நாள் மதியம் பெரிய கிராணி காப்பிக்கு முன்னாலேயே வந்தார். கையில் உறையும் ஆபீஸின் தேதி முத்திரையும். பாக்கியம் அன்று உதட்டைக் காட்ட வந்து வராந்தா பெஞ்சில் இருந்தார். கிராணி அவருக்கு எதிரில் நின்று, நான் கேட்காமலே, சத்தமாக வாசித்தார். வருகை மருத்துவரின் கருத்து ஏற்கப்படுகிறது. தொழிலாளியின் பேரை மறுநாளே செக்ரோலில் சேர்க்க வேண்டும். மருத்துவ உதவியாளரின் முதல் பத்தி குறித்துக்கொள்ளப்பட்டது. கடைசியாக ஒரு வரி: பிறந்த தேதி தெரியாத காரணத்தால், இக்கடிதம் தோட்டத்துக்கு வந்து சேரும் நாளில் அவருக்கு நாற்பத்தொன்பது வயது நிறைவதாகக் கொள்ளப்படும்.

“அப்ப நான் என்னைக்குப் பொறந்தேனாம்?” என்றார் பாக்கியம்.

கிராணி உறையின் மேல் தேதி முத்திரையைக் குத்தி, மை காய ஊதி, அவரிடமே காட்டினார்.

“இன்னைக்கித்தான் அக்கா.”

1987 ஆகஸ்ட் 17, திங்கட்கிழமை.